வற்றும்போது வந்து பாருங்கள்

உட்பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே ஆறு என்று சொல்லியிருந்தார்கள். இறங்கினோம். ஆற்றைக் காணோம்!

கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பு நிறச் சேறு. நடுவில் ஓடை மாதிரி கொஞ்சம் தண்ணீர். சேற்றின் மேல் சில படகுகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. சில படகுகள் வெயிலுக்குப் படுத்த மாடுகளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"இதுலயா படகு விடப் போறீங்க?" என்றாள் மனைவி.

என்னிடம் பதில் இல்லை. பையில் ஆயிரம் பவுண்டுக்கான கணக்கு மட்டும் இருந்தது.

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது உட்பிரிட்ஜ். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் வந்து இப்ஸ்விச்சில் மாற வேண்டும். நாங்கள் இப்ஸ்விச்சிலேயே குடியிருப்பதால் எங்களுக்கு இருபது நிமிடப் பயணம்தான். பன்னிரண்டு வயது மகள், பள்ளியில் ஒரு வாரம் பாய்மரப் படகு ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. "அப்பா, பழைய படகு சைக்கிள் விலைக்குக் கிடைக்குதாம்ப்பா!" விசாரித்தேன். உண்மைதான்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வாங்குங்க. நான் ஏற மாட்டேன். ஏறச் சொல்லவும் கூடாது." அவள் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26 காலையில், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவள், மொட்டை மாடியில் நின்று தெருவுக்குள் கடல் வந்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எந்தக் கடற்கரை மணலிலும் அவள் கால் வைத்ததில்லை.

ஏன் இவ்வளவு மலிவு?

இங்கிலாந்தில் 1960, 70களில் ஃபைபர் கிளாஸ் படகுகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. மரம் போல மட்காது, சீக்கிரம் உடையாது. ஐம்பது வருடம் கழித்தும் பல படகுகள் உறுதியாக இருக்கின்றன. ஆனால் அன்று அவற்றை வாங்கியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. விற்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. அதனால் விலை இறங்கிவிட்டது.

சும்மா கிடந்தாலும் படகு செலவு வைக்கும். கட்டிவைக்கும் இடத்துக்கு வருடா வருடம் வாடகை. அதனால்தான் இலையுதிர் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது விலை இன்னும் குறைகிறது. இன்னொரு வருட வாடகையைக் கட்டுவதைவிடக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசமாகவே தருபவர்களும் உண்டு. ஆனால் வீணாகிப்போன ஃபைபர் படகை அறுத்து அப்புறப்படுத்தவும் காசு வேண்டும். இலவசப் படகு என்றால், அந்தச் செலவை நம் தலையில் கட்டுகிறார்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம்.

முதல் படகு: 900 பவுண்ட் பாடம்

அன்று நாங்கள் பார்க்க வந்தது 17 அடி ஃபைபர் படகு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். குட்டி அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் இருந்தது. விலை 900 பவுண்ட். ஒரு பவுண்ட் நூறு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டோவில் மின்னியது. மகள் உள்ளே போய்ப் படுத்தே விட்டாள்.

நான் மேல்தளத்தில் நடந்தேன். ஓரிடத்தில் கால் லேசாக அமுங்கியது. தட்டிப் பார்த்தேன். மற்ற இடங்களில் 'டக் டக்' என்று கேட்ட சத்தம் அங்கே 'தொப் தொப்' என்றது. இந்த வகைப் படகுகளின் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பெரும்பாலும் பலகை வைத்திருப்பார்கள். எங்காவது ஒரு திருகு வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே தெரியாமல் உள்ளே பலகை மட்கிக்கொண்டே போகும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் எப்போது மாற்றியவை என்று கேட்டேன். விற்பவருக்கு நினைவில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது வழக்கம். மோட்டாரை இழுத்துப் பார்த்தார். இருமியதே தவிர ஓடவில்லை. "போன வருஷம் நல்லா ஓடிச்சு" என்றார். பழைய பைக் வாங்கப் போனவர்கள் எல்லாரும் கேட்ட வசனம்!

படகுக்கு அடியில் குனிந்து பார்த்தது மனைவிதான். "இதுக்கு அடியில ஒரே ஒரு கத்தி மாதிரிதானே இருக்கு? சேத்துல நிமிர்ந்து நிக்கிற படகுக்கெல்லாம் ரெண்டு இருக்கே?"

அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அந்தக் கத்திக்குப் பெயர் கீல். ஒற்றைக் கீல் படகு, தண்ணீர் வற்றியதும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இரட்டைக் கீல் படகு இரண்டு கால்களில் நிற்பது போல நிமிர்ந்து நிற்கும். கிழக்கு இங்கிலாந்தின் சேற்று ஆறுகளில் இரட்டைக் கீல் படகுகளுக்கு மவுசு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். ஒற்றைக் கீல் என்றால், எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கட்ட வேண்டும். அந்த இடத்தின் வாடகை படகின் விலையையே தாண்டிவிடும்.

விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மகள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

கடலைக் கொண்டு மாவரைத்த ஊர்

அவளைச் சமாதானப்படுத்த, ஆற்றங்கரையில் வெள்ளையாக நின்ற உயரமான மரக் கட்டடத்துக்குப் போனோம். டைட் மில். கடல் ஏற்ற வற்றத்தால் ஓடும் மாவு மில்! இந்த இடத்தில் 1170லேயே ஒரு மில் இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1793இல் கட்டியது. 1957 வரை தொழிலாக ஓடியிருக்கிறது. இப்போது பழுதுபார்த்து, பார்வையாளர்களுக்காக மறுபடி மாவரைக்கிறார்கள்.

தத்துவம் எளிது. கடல் ஏறும்போது தண்ணீர் ஒரு குளத்துக்குள் நுழையும். ஏற்றம் முடிந்ததும் மதகு தானாக மூடிக்கொள்ளும். ஆறு வற்றியதும் குளத்து நீரைத் திறந்துவிட்டால் சக்கரம் சுழலும். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரமும் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால் மில்காரருக்கு வேலை நேரத்தைக் கடிகாரம் சொல்லவில்லை, நிலா சொன்னது. நடுராத்திரியில் வற்றினால் நடுராத்திரியில்தான் அரைக்க வேண்டும்.

நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மூன்று மீட்டரைத் தாண்டுகிறது. காலையில் சேறாகக் கிடந்த இடத்தில் மதியம் ஆள் மூழ்கும் தண்ணீர்.

மனைவி அங்கேயே நெடுநேரம் நின்றாள். "எப்ப வரும், எவ்வளவு வரும்னு முன்கூட்டியே அச்சடிச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆமாம், வருடம் முழுவதற்கும். வெளியே வந்ததும் படகுச் சாமான் கடையில் ஏற்ற வற்ற அட்டவணைப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். அதை வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செய்தித்தாள் கொடுத்த படகு

இரண்டு வாரம் கழித்து இன்னொரு படகு விலைக்கு வந்தது. போனில் பேசிய பெரியவர், "தண்ணீர் வற்றியிருக்கும்போது வந்து பாருங்கள். ஆறு நிறைந்திருந்தால் எல்லாப் படகும் அழகாகத்தான் இருக்கும்" என்றார். அந்த வார்த்தையிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அது 'மிரர்' என்ற வகைப் படகு. இங்கிலாந்தில் சிவப்புப் பாயோடு ஒரு குட்டிப் படகைப் பார்த்தால் அது மிரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1963இல் 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் வந்ததால் அந்தப் பெயர். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று டிவியில் சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதுவரை பாய்மரப் படகு பணக்காரர் பொழுதுபோக்கு. சாதாரணக் குடும்பம் ஒன்று, வெட்டித் தயாராக வரும் பிளைவுட் பலகைகளை வாங்கி வீட்டிலேயே படகு செய்துகொள்ள முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆரம்ப விலை 63 பவுண்ட் 11 ஷில்லிங். இதுவரை 70,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் இந்தப் படகில் இங்கிலாந்திலிருந்து கருங்கடல் வரைக்கும் போயிருக்கிறார்!

இதில் ஆணி வேலை குறைவு. பலகை ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் ஃபைபர் பட்டையும் ரெசினும் பூசிவிடுவார்கள். பெரியவர் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்கள் ஊரிலும் படகைத் தைப்பார்கள்" என்றேன். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலிலிருந்து ஆட்களை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தவை. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்.

மிரரின் நீளம் 10 அடி 10 அங்குலம். வெற்றுடம்பின் எடை சுமார் 45 கிலோ. காரின் மேல் கட்டிக்கொண்டு போகலாம். கீலுக்குப் பதிலாக நடுவில் ஒரு பலகை. ஆழம் குறைந்தால் கையாலேயே உருவிவிடலாம். சேறும் சிறு தண்ணீருமான இந்த ஆற்றுக்கு ஏற்ற படகு. ஆற்றில் கட்டிவைக்கவும் வேண்டாம், கரையில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர் கேட்டது 300 பவுண்ட். பாய்கள், கரையில் தள்ளிச்செல்லும் தள்ளுவண்டி எல்லாம் சேர்த்து. நான் ஆராயத் தொடங்கும் முன்பே அவர் படகைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியை என் கையில் கொடுத்தார். "இங்கே தட்டுங்கள்." தட்டினேன். 'தொப்.' பின்பலகையின் ஒரு மூலை, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து மட்கியிருந்தது. "இது ஒன்றுதான் கோளாறு. வெட்டி எடுத்துப் புதுப் பலகை ஒட்ட வேண்டும். நானே செய்திருப்பேன், கை நடுங்குகிறது" என்றார். அவரும் அவர் பிள்ளைகளும் சேர்ந்து கார் ஷெட்டில் தைத்த படகு அது.

பழைய சாமான் வாங்கியதில் எனக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு. குறையைத் தானாகவே முதலில் காட்டியவரை அன்றுதான் பார்த்தேன். பேரம் பேசவில்லை.

மரம் போனாலும் வடிவம் நின்ற கதை

உட்பிரிட்ஜுக்கு எதிர்க்கரையில் சட்டன் ஹூ இருக்கிறது. 1939இல், இரண்டாம் உலகப்போர் தொடங்கும் தறுவாயில், எடித் பிரெட்டி என்ற பெண்மணி தன் நிலத்திலிருந்த மண்மேடுகளைத் தோண்டச் சொன்னார். பாசில் பிரவுன் என்ற உள்ளூர்க்காரர் தோண்டினார். ஏழாம் நூற்றாண்டு மன்னர் ஒருவரைப் பொன்னோடும் வாளோடும் ஒரு முழுக் கப்பலில் வைத்துப் புதைத்திருந்தது தெரியவந்தது. 2021இல் வந்த 'தி டிக்' படம் இந்தக் கதைதான்.

ஆச்சரியம் என்ன தெரியுமா? கிடைத்த கப்பலில் மரம் இல்லை. அமில மண் ஓக் மரத்தை முழுதாகத் தின்றுவிட்டது. மணலில் அதன் அச்சும், வரிசை வரிசையாக இரும்பு ஆணிகளும் மட்டுமே மிச்சம். அந்த அச்சை அளந்துதான் கப்பல் 27 மீட்டர் நீளம் என்று கண்டார்கள். இப்போது டைட் மில்லுக்கு அருகே ஒரு பெரிய கொட்டகையில், தன்னார்வலர்கள் அதே அளவில் ஓக் மரத்தில் அந்தக் கப்பலை மறுபடி கட்டி வருகிறார்கள். நாங்கள் போனபோது ஒருவர் கோடரியால் பலகை செதுக்கிக்கொண்டிருந்தார். என் மிரர் கதையைச் சொன்னதும், மட்கிய பலகையை எங்கே நிறுத்தி வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "கறுப்பு முடியும் இடத்தில் வெட்டாதீர்கள். அதற்கும் நாலு விரல் தள்ளி, நல்ல மரத்தில் வெட்டுங்கள்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. மகள் ரெசின் கலந்தாள். மனைவி பழைய புடவையைக் கிழித்துத் துடைக்கத் துணி கொடுத்தாள்.

ஆயிரம் பவுண்ட் எங்கே போனது?

படகு 300. பலகை, ரெசின், பெயின்ட் 90. புதுக் கயிறுகள் 30. மிதவை ஜாக்கெட் மூன்று, 120. படகு கிளப்பில் குடும்பச் சந்தாவும் கரையில் நிறுத்த இடமும் சேர்த்து ஒரு வருடத்துக்கு 250. இன்சூரன்ஸ் 60. எனக்கும் மகளுக்கும் இரண்டு நாள் பயிற்சி 120. மொத்தம் 970. படகின் விலை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! முதல் படகை 900க்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் கடலிலும் இதுபோன்ற கழிமுகங்களிலும் சொந்தப் பொழுதுபோக்குக்குச் சிறு பாய்மரப் படகு ஓட்ட லைசென்ஸ் கட்டாயமில்லை. அதனாலேயே பயிற்சி அவசியம் என்பது என் கட்சி. இன்சூரன்ஸும் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், கிளப்புகள் கேட்கும். மறக்காமல் விற்பனைப் பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் படகு உங்களுடையதுதான் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் பிள்ளைகளும் எங்காவது ஓர் ஊரில் பழைய படகுக்கு அடம்பிடித்தால், மூன்று விஷயம் போதும். முதலில் ஆற்றை வற்றும்போது போய்ப் பாருங்கள், படகை அப்புறம் பார்க்கலாம். தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். கையிலிருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள்.

முதல் பயணம்

மே மாதச் சனிக்கிழமை. எங்கள் சாய்தளத்தில், உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் படகை இறக்கவும் ஏற்றவும் தண்ணீர் இருக்கும். அட்டவணையில் ஏற்றம் மதியம் 2 மணி. இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அட்டவணைகள் பலவும் பழைய நேரத்தில் இருக்கும், ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது நினைவிருந்தது. ஆக ஏற்றம் 3 மணி. 5 மணிக்குள் திரும்பினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

சிவப்புப் பாயை ஏற்றியதும் காற்று பிடித்தது. மகள் சுக்கானில், நான் கயிற்றில். கரையில் மனைவி. கிளம்பும் நேரம் அவள் அட்டவணையை விரித்துக்கொண்டு சாய்தளத்தின் ஓரம்வரை இறங்கி வந்துவிட்டாள்.

"அஞ்சு மணி இல்ல. நாலு."

"நான் கணக்குப் போட்டுட்டேனே."

"முதல் பக்கத்தைப் படிச்சீங்களா? கோடைக்கு ஒரு மணி ஏற்கெனவே கூட்டித்தான் போட்டிருக்காங்க. நீங்க மறுபடியும் கூட்டிட்டீங்க."

டீபன் ஆற்றில் கீழ்நோக்கிப் போனோம். கைசன் முனையைத் தாண்டினால் இருபுறமும் நாணலும் வயலும். இன்னும் போனால் வால்ட்ரிங்ஃபீல்ட், ராம்ஷால்ட், கடைசியில் ஃபெலிக்ஸ்டோ ஃபெர்ரி அருகே கடல். ஏறக்குறைய பத்து மைல். அவ்வளவு தூரம் நாங்கள் போகவில்லை. மூன்று மணிக்கே திரும்பி, எதிர்நீரில் மல்லாடி, நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரை சேர்ந்தோம்.

படகைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தோம். ஐந்து மணிக்கு அந்தச் சாய்தளத்தைப் பார்த்தேன். அடிப்பகுதி முழுக்கச் சேறு. இறங்கினால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும் சேறு. மகளோடு அதில் மாட்டியிருந்தால், இருட்டும் நேரத்தில் யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருப்போம்.

இது நடந்து இரண்டு கோடை ஆகிறது. மூன்றாவது மிதவை ஜாக்கெட்டில் இன்னும் படகு ஏறாத புதுமை இருக்கிறது. மனைவி படகில் ஏறவில்லை, நாங்களும் ஏறச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் தண்ணீரில் இருக்கும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டு, அட்டவணையோடு சாய்தளத்தின் கடைசிப் படியில் நிற்கிறாள். சில நாள் தண்ணீர் அவள் கணுக்காலைத் தொடுகிறது. அவள் நகர்வதில்லை.

எங்கள் வீட்டில் எந்த நேரம் கிளம்புவது, எந்த நேரம் திரும்புவது என்று முடிவு செய்வது இப்போது அவள்தான்.